முதலாண்டுப் பிள்ளைகள் முதல் இன்டர்னலிலேயே பின்தங்குகிறார்கள், வகுப்பில் என்ன மாற்றலாம்?

தோவாளைக்காரி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. முதலாண்டு பி.எஸ்சி.க்குப் பருப்பொருளின் பண்புகள், ஒலியியல் தாளும் அதற்கான லேபும் என் பொறுப்பு.

போன வாரம் முதல் இன்டர்னல் பேப்பரைத் திருத்தி முடித்தேன். மார்க்கை வரிசையாக எழுதிப் பார்த்தால் வகுப்பு நடுவில் பிளந்து நிற்கிறது. மேலே இருப்பவர்கள் பெரும்பாலும் டவுனில் இங்கிலீஷ் மீடியம் படித்தவர்கள். கீழே இருப்பவர்கள் கடலோர ஊர்களிலிருந்தும், குலசேகரம், பேச்சிப்பாறை பக்கத்திலிருந்தும் வருகிறவர்கள். தமிழ் மீடியம். பலருடைய வீட்டில் கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் ஆள் இவர்கள்தான். இவர்களின் ப்ளஸ் டூ மார்க்கை எடுத்துப் பார்த்தேன். மோசமே இல்லை. சிலர் டவுன் பிள்ளைகளைவிட அதிகமாகவே வாங்கியிருக்கிறார்கள். அப்படியென்றால் நம்மிடம் வந்து சேர்ந்த பிறகுதான் ஏதோ நடக்கிறது.

லேபில் பார்த்ததைச் சொல்கிறேன். மீட்டர் ஸ்கேலை இரண்டு கத்திமுனைகள் மேல் வைத்து, நடுவில் 50, 50 கிராமாக எடை ஏற்றி, அது எவ்வளவு வளைகிறது என்று நகரும் நுண்ணோக்கியில் பார்க்கிற சோதனை. ஒரு பொருள் எவ்வளவு விறைப்பானது என்று காட்டும் யங் குணகத்தைக் கண்டுபிடிப்பதற்கு. ஒரு மேசைக்கு ஐந்து பேர். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவன் கடைசி வரைக்கும் ஒரே ஆள்தான். அவன் ரீடிங் சொல்லச் சொல்ல மற்ற நான்கு பேரும் எழுதுகிறார்கள். அதில் பேச்சிப்பாறை பக்கத்துப் பெண் ஒருத்தியின் ரெக்கார்ட் நோட்டைப் பார்த்தால் அட்டவணை கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கிறது, கணக்கும் சரி. சரிம்மா, வெர்னியர் அளவுகோலில் எந்தக் கோடு பொருந்தியிருக்கிறது, காட்டு என்றேன். கையே வரவில்லை. நுண்ணோக்கியின் திருகை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்றும் தெரியவில்லை. பள்ளியில் கருவி கண்ணாடி அலமாரிக்குள்தான் இருந்தது மிஸ் என்றாள். ஆனால் அந்தச் சூத்திரத்தில் ஒவ்வொரு எழுத்தும் எதைக் குறிக்கிறது என்று தமிழில் கேட்டதும் கடகடவென்று சொல்லிவிட்டாள்.

வகுப்பில் கேள்வி கேட்டால் முன்வரிசையில் அதே மூன்று பேர் பதில் சொல்கிறார்கள். மற்றவர்கள் நோட்டைப் பார்த்துக் குனிந்துகொள்கிறார்கள். குலசேகரம் பக்கத்துப் பையன் ஒருவன் வாரத்தில் பாதி நாள் முதல் மணி நேரத்துக்கு வருவதில்லை. விசாரித்தால், விடியற்காலையில் அப்பாவோடு ரப்பர் பால் வெட்டப் போய்விட்டு, குளித்து பஸ் பிடித்து வருகிறான். அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழே போய்க்கொண்டிருக்கிறது.

துறையில் மூத்தவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் “போர்ஷனை முடி, முதல் செமஸ்டரில் அரியர் வைப்பவர்கள் பிறகு பிடித்துக்கொள்வார்கள்” என்கிறார்கள். பிடித்துக்கொள்ளாமல் இடையிலேயே நின்று போகிறவர்களையும் பார்த்துவிட்டேன், அதனால்தான் இங்கே கேட்கிறேன். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளைப் பிடித்து வைக்காமல், பின்னால் நிற்பவர்களையும் சேர்த்து இழுத்துப் போகிற மாதிரி வகுப்பை எப்படி நடத்துவது? இதையெல்லாம் செய்யும் ஆசிரியருக்கு எங்கிருந்தாவது துணை கிடைக்குமா?

—

பழைய வேதியியல் வாத்தியார் எழுதியது:

மகளே, நல்ல கேள்வி. இந்த மாவட்டத்துக் கல்லூரிகளில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு சிக்கல் உண்டு. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். தெருவுக்குத் தெரு பள்ளிக்கூடம். அதனால் இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் எல்லாம் தெரிந்திருக்கும் என்று நிர்வாகமும் நம்புகிறது, நாமும் நம்பிவிடுகிறோம். பள்ளிக்கூடம் எட்டியது உண்மை. ஆனால் கல்லூரியில் எப்படிப் படிக்க வேண்டும், சந்தேகத்தை யாரிடம் எப்போது கேட்கலாம், இன்டர்னலில் போனால் செமஸ்டரில் எவ்வளவு எடுத்தால் கரையேறலாம், இதெல்லாம் வீட்டில் அண்ணனோ அக்காவோ முன்னால் படித்திருந்தால்தான் காதில் விழும். உன்னுடைய பின்வரிசைக்கு அது விழவில்லை. மண்டைக்கு ஒரு குறையும் இல்லை, நீயே ப்ளஸ் டூ மார்க்கைப் பார்த்திருக்கிறாய்.

அடுத்து, நாள்காட்டியைப் பார். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வரும் சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15லேயே தடை தொடங்கி ஜூன் 14 வரை. ரப்பர் தோட்டத்திலோ, ஜூன், ஜூலை மழை வலுத்தால் வெட்டு கிடையாது. நாம் அட்மிஷன் போட்டு, ஃபீஸ் கேட்டு, ரெக்கார்ட் நோட்டும் லேப் கோட்டும் வாங்கச் சொல்வது அதே மாதங்களில். கடலிலும் மலையிலும் காசு வராத நேரத்தில்தான் கல்லூரி காசு கேட்கிறது. அந்தப் பிள்ளைகள் முதல் மாதத்தில் வகுப்புக்கு வராமல் போவதற்கு இது பெரிய காரணம். முதல் மாதத்தில் என்ன விட்டுப்போகிறது? அலகுகள், பரிமாணங்கள், மீட்சியியலின் தொடக்கம். மீதியெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது. ஆகஸ்டில் வந்து உட்காருகிறவனுக்கு அந்த அடித்தளத்தை யார் போட்டுக் கொடுப்பது? ஆகஸ்ட் கடைசியில் ஒரு வாரம் ஒதுக்கி, முதல் யூனிட்டின் சாரத்தை மறுபடி நடத்து. எல்லோருக்கும் நடத்து, ‘லேட்டாக வந்தவர்களுக்கு’ என்று பெயர் வைக்காதே. டவுன் பிள்ளைகளுக்கும் அது வீண் போகாது.

இனி வகுப்பு. 2014ல் அமெரிக்காவில் ஸ்காட் ஃப்ரீமன் என்பவரும் உடன் உழைத்தவர்களும் அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளைப் பற்றிய 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஆசிரியர் பேசிக்கொண்டே போகிற வகுப்பில், மாணவர் ஏதாவது செய்யும் வகுப்பைவிடத் தோற்பதற்கான வாய்ப்பு ஒன்றரை மடங்கு. 2020ல் வந்த இன்னொரு தொகுப்பில், பின்தங்கிய சமூகத்துப் பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள இடைவெளியும் இப்படி நடத்தும்போது குறைகிறது என்று கண்டார்கள். அது அவர்கள் ஊர்க் கணக்கு. ஆனால் நம் வகுப்பில் செய்துபார்த்தவனாகச் சொல்கிறேன், இங்கேயும் பலிக்கும்.

எப்படிச் செய்வது? கேள்வியைக் கேட்டவுடன் பதில் வாங்காதே. மேரி பட் ரோ என்ற அம்மா 1970களில் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டினாலே பதில் நீளமாகிறது, இதுவரை வாய் திறக்காதவர்களும் பேசுகிறார்கள். முன்வரிசையில் அந்த மூன்று பேர் பதில் சொல்வது அவர்களுக்கு மட்டும் தெரியும் என்பதால் இல்லை, அந்த ஒரு நொடிக்குள் இங்கிலீஷில் வாக்கியம் கட்டுவது அவர்களால் மட்டும் முடிகிறது. நான் இன்னும் கொஞ்சம் சேர்ப்பேன்: கேள்வியைக் கரும்பலகையில் எழுதி, இரண்டு நிமிடம் எல்லோரும் நோட்டில் பதில் எழுதட்டும், பக்கத்தில் இருப்பவரோடு பேசட்டும், தமிழோ இங்கிலீஷோ எது வாயில் வருகிறதோ அதில். அப்புறம் நீ பெயர் சொல்லிக் கேள். அதற்குள் கையில் எழுதிய ஒன்று இருக்கும், குனிய வேண்டியதில்லை.

வாரம் ஒரு சின்னத் தேர்வு வை. ஐந்து மார்க், பத்து நிமிடம். போன வாரப் பாடத்திலிருந்து மட்டும். இன்டர்னலில் சேர்க்க முடிந்தால் சிறந்த சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள், அப்போது பால் வெட்டப் போனவனுக்கும் கடலுக்குப் போனவனுக்கும் ஒன்றிரண்டு தவறினாலும் நஷ்டமில்லை. முதல் இன்டர்னல் வரைக்கும் காத்திருந்தால் பிள்ளைக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று செப்டம்பரில்தான் தெரிகிறது.

ஒரு யூனிட்டுக்கு ஒரு தாள் தயார் செய், இடப்பக்கம் இங்கிலீஷ் சொல், வலப்பக்கம் பள்ளிப் புத்தகத்தில் படித்த தமிழ்ச் சொல்: தகைவு, திரிபு, பரப்பு இழுவிசை, பாகுநிலை. அவர்களுக்கு இவை தெரியும், நீ கேட்கும் மொழியில் தெரியாது, அவ்வளவுதான். இங்கிலீஷ் வழியில் படித்தாலும் தேர்வை உள்ளூர் மொழியில் எழுத விடுங்கள் என்று 2023 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யே பல்கலைக்கழகங்களுக்கு எழுதியிருக்கிறது. உங்கள் தேர்வுப் பிரிவில் என்ன நடைமுறை என்று கேட்டு, முதல் வாரத்திலேயே வகுப்பில் சொல்லிவிடு. பிள்ளைகள் கூச்சப்பட்டுக் கேட்கமாட்டார்கள்.

இன்னொன்று. எட்டு மார்க் பதில் எப்படி இருக்கும் என்று ஒரு தடவை காட்டு. பழைய விடைத்தாள் ஒன்றைப் பெயர் மறைத்துப் படமாகப் போட்டு, இங்கே படத்துக்கு ஒரு மார்க், இங்கே வருவிப்புக்கு மூன்று, அலகு எழுதவில்லை அதனால் அரை போனது என்று வரிவரியாக. தெரிந்த பாடத்துக்கே மார்க் வாங்கத் தெரியாமல் எத்தனை பேர் போனார்கள் என்று விடைத்தாள் திருத்தும் முகாமில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

லேபுக்கு மருந்து சுலபம். மேசைக்கு ஐந்து பேர் என்றால் ஐந்து வேலை: கருவியில் கண் வைப்பவர், எடை ஏற்றுபவர், எழுதுபவர், கணக்கிடுபவர், சரிபார்ப்பவர். ஒவ்வொரு ரீடிங்குக்கும் ஆள் மாற வேண்டும். எடை ஏற்றும்போதும் இறக்கும்போதும் ரீடிங் எடுக்கிறீர்கள்தானே, ஒரே சோதனையில் எல்லோருக்கும் நுண்ணோக்கி கிடைத்துவிடும். முதல் வாரம் சோதனையே வேண்டாம். வெர்னியரும் திருகு அளவியும் மட்டும் கையில் கொடுத்து, பேனா, நாணயம், தலைமுடி என்று எதையாவது அளக்க விடு.

—

கணக்கு மேஜர் எழுதியது:

மேலே சார் எழுதியதை மதிக்கிறேன். ஆனால் மார்த்தாண்டம் பக்கத்தில் கணிதம் நடத்துகிறவன் என்ற முறையில் ஒரு கவலையைச் சொல்ல வேண்டும். தமிழிலும் நடத்து, சின்னத் தேர்வு வை, தவறினால் விட்டுவிடு என்று இறங்கிக்கொண்டே போனால், இதே பிள்ளைகள் எம்.எஸ்சி. நுழைவுத் தேர்விலும் கல்லூரி ஆசிரியர் வேலைக்கான நெட் தேர்விலும் யாரோடு போட்டி போடுவார்கள்? அங்கே யாரும் இறங்கி வரமாட்டார்கள். கடினமாக நடத்துவதும் பிள்ளைகள் மேல் உள்ள அக்கறைதான்.

—

பழைய வேதியியல் வாத்தியார் எழுதியது:

தம்பி, உங்கள் கவலை நியாயமானது, அதற்கு உங்கள் கணிதத்திலிருந்தே பதில் இருக்கிறது. 1970களில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்ற இளைஞர், கறுப்பின மாணவர்கள் கால்குலஸில் ஏன் தோற்கிறார்கள் என்று அவர்களோடு கூடவே இருந்து பார்த்தார். சோம்பல் காரணமில்லை, அக்கறையின்மை இல்லை, குடும்பத்தின் ஆதரவுக் குறைவும் இல்லை. அவர்கள் தனித்தனியாக அறையில் உட்கார்ந்து படித்தார்கள். சீன வம்சாவளி மாணவர்களோ சேர்ந்து உட்கார்ந்து, ஒருவர் தவறை ஒருவர் திருத்திப் படித்தார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? எளிய பயிற்சி வகுப்பு வைக்கவில்லை. எல்லோரும் சேர்ந்து போடுகிற மாதிரி வகுப்பில் இருப்பதைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்தார். அந்தக் கூட்டத்தின் மார்க் நன்றாகவே ஏறியது. நான் சொல்வதும் அதுதான். கணக்கின் கடினத்தில் கை வைக்காதீர்கள். பிள்ளை அதுவரைக்கும் ஏறி வரும் படியைக் கட்டுங்கள்.

—

நீரோடிக் கரை எழுதியது:

நான் ஆசிரியன் இல்லை. தூத்தூர் பக்கத்துக் கடலோர ஊர், பி.எஸ்சி. முடித்து இப்போது வேலையில் இருக்கிறேன். மிஸ் சொல்லும் பின்வரிசையில் உட்கார்ந்தவன், அதனால் எழுதலாம் என்று தோன்றியது.

எங்கள் பக்கத்து ஆட்கள் தங்கல் தொழிலுக்குப் போகிறவர்கள். கொச்சியிலிருந்து படகு ஏறினால் வாரக்கணக்கில் ஆழ்கடலில். 2017 நவம்பர் 30 ஓகி புயலில் எங்கள் கரையில் போனவர்கள் எத்தனையோ பேர் திரும்பி வரவில்லை. அப்போது ஐந்தாவது, ஆறாவது படித்த பிள்ளைகள்தான் இந்த வருடங்களில் கல்லூரிக்கு வருகிறார்கள். ஒரு சார் முதல் நாள் வகுப்பில் ஒவ்வொருவராக எழுப்பி, எந்தப் பள்ளி, அப்பா என்ன வேலை என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, பழகத்தான் கேட்டார். என் பக்கத்தில் இருந்தவனுக்கு அப்பா புயலில் போனவர். எழுந்து நின்றவன் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தான். அந்த செமஸ்டர் முழுக்க அந்த வகுப்பில் அவன் வாய் திறக்கவே இல்லை. தயவுசெய்து இதை வகுப்பில் கேட்காதீர்கள். ஒரு தாள் கொடுத்து, “உங்களைப் பற்றி எனக்குத் தெரிய வேண்டியது ஏதாவது இருந்தால் எழுதுங்கள், நான் மட்டும் படிப்பேன்” என்று சொன்னால் போதும். இன்னொரு மிஸ் அப்படித்தான் செய்தார். நான் அதில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன்.

அதே மாதிரி, ஸ்காலர்ஷிப் பிள்ளைகள் எல்லாம் எழுந்து நில்லுங்கள் என்று வகுப்பு நடுவில் சொல்லும் பழக்கம். அட்டெண்டரிடம் பெயர் எழுதிய சீட்டைக் கொடுத்தாலும் ஆயிற்று, நோட்டீஸ் போர்டில் ரோல் நம்பர் போட்டாலும் ஆயிற்று. எழுந்து நிற்கக் கூச்சப்பட்டு விண்ணப்பமே போடாமல் விட்டவர்கள் உண்டு.

எங்கள் கரையில் பேசுகிற மாதிரி வகுப்பில் பேசினால் பின்னால் யாராவது சிரிப்பார்கள். விளவங்கோடு பக்கத்துப் பிள்ளைகள் மலையாளம் கலந்து பேசினாலும் அதே சிரிப்பு. எங்கள் வகுப்பில் அந்த மிஸ் ஒரே ஒரு முறை பாடத்தை நிறுத்தி, “அவன் சொன்னது சரியான பதில். இன்னொரு தடவை சொல்லு மக்களே, எல்லோரும் எழுதிக்கட்டும்” என்றார். அதற்கப்புறம் சிரிப்பு குறைந்துவிட்டது.

பணம் பற்றி ஒரு தகவல், இங்கே படிக்கும் ஆசிரியர்கள் பிள்ளைகளிடம் சொல்லலாம். புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியபோது ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மட்டும்தான் மாதம் 1000 ரூபாய். நம் மாவட்டத்தில் நிறையப் பேர் கிறிஸ்தவ சபைப் பள்ளியிலோ வேறு உதவி பெறும் பள்ளியிலோதான் படிக்கிறோம், அதனால் என் தங்கைக்கு முதலில் கிடைக்கவில்லை. 2024 டிசம்பர் கடைசியில் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழி படித்தவர்களுக்கும் விரித்தார்கள். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்டில் வந்தது. முன்பு ‘உனக்குக் கிடையாது’ என்று கேட்டுத் திரும்பிய பிள்ளைகள் மறுபடி போய்க் கேட்பதே இல்லை.

நோட்ஸை பெரிய ஃபைலாக வாட்ஸ்அப்பில் போடுகிறவர்களுக்கு: எங்கள் வீட்டில் ஒரு போன், அது அப்பா கரையில் இருக்கும்போது அப்பாவிடம். பேச்சிப்பாறைக்கு மேலே காணிப் பழங்குடிக் குடியிருப்புகளிலிருந்து வந்த நண்பனுக்கு சிக்னலே பஸ் நிறுத்தத்துக்கு வந்தால்தான். துறை நூலகத்தில் ஒரு ஜெராக்ஸ் பிரதி வைத்தால் எங்களைப் போன்றவர்களுக்கு உதவும்.

—

விரல்நுனி எழுதியது:

பார்வையற்றவன், கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். இந்தப் பேச்சில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மாற்றுத்திறன் வகைகள் 21 ஆயின. அரசு, உதவி பெறும் உயர்கல்வி நிலையங்களில் குறைந்தது 5 சதவீத இடம். உங்கள் வகுப்பில் ஒருவரும் இல்லை என்று நினைக்காதீர்கள். கற்றல் குறைபாடும் அந்த 21க்குள் வருகிறது, அது இருப்பது பல பிள்ளைகளுக்கே தெரியாது. நன்றாகப் பேசி, எழுத்தில் மட்டும் தடுமாறுகிற பிள்ளையைக் கண்டால் ‘கவனமில்லாதவன்’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

கரும்பலகையில் எழுதுவதை வாயாலும் சொல்லுங்கள். “இதை இந்தப் பக்கம் கொண்டு போனால் இது வருகிறது” என்றால் எனக்கு ஒன்றும் வராது. “வலப்பக்கம் இருக்கும் நீளத்தின் மும்மடியை” என்று சொன்னால் வரும். கடைசி பெஞ்சில் கண்ணாடி இல்லாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் அது உதவும். கையெழுத்து நோட்ஸைப் படம் எடுத்துப் போட்டால் திரை வாசிப்பான் படிக்காது, தட்டச்சு செய்து போடுங்கள். திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் என்.வி.டி.ஏ. என்ற மென்பொருள் இலவசம், தமிழும் வாசிக்கும்.

தேர்வில் மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் என்று 2018ல் மத்திய அரசு வழிகாட்டுதல் வந்தது. மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூட. ஆனால் இன்டர்னல் தேர்வில் இதை மறந்துவிடுகிறார்கள். நான் படித்த காலத்தில் எனக்காகத் தேர்வு எழுதியவர் பாதியில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போயிருக்கிறார். எழுதித் தருபவரை ஒரு வாரம் முன்பே ஏற்பாடு செய்து, பிள்ளையோடு ஒரு முறை உட்கார வையுங்கள். இயற்பியலில் குறியீடுகளைச் சொல்லி எழுத வைப்பதற்கு இருவருக்கும் பழக்கம் வேண்டும்.

—

கௌரவ விரிவுரையாளர் எழுதியது:

எல்லாம் சரிதான், நான் மறுக்கவில்லை. நடத்துகிறவர்களின் நிலையையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். அடுத்த வருடம் வேலை இருக்குமா என்று தெரியாமல்தான் ஒவ்வொரு மேயும் போகிறது. வாரத் தேர்வு என்றால் வாரம் அறுபது தாள். கல்லூரிக்குத் தரம் போடும் நாக் குழு வரும்போது மென்டர் நோட்டை நிரப்பச் சொல்வார்கள், ஆனால் மென்டராக உட்கார்ந்து பேச டைம்டேபிளில் ஒரு மணி நேரம் தரமாட்டார்கள். பிள்ளைகளோடு பேசுவது கேன்டீன் வாசலிலும் பஸ் ஸ்டாப்பிலும்தான். அந்த ஒரு மணி நேரத்தை டைம்டேபிளில் போடச் சொல்லித் துறைக் கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்து கேளுங்கள். தற்காலிக ஆசிரியர் தனியாகக் கேட்டால் நடக்காது, நிரந்தரப் பணியில் இருப்பவர்கள் முதலில் கேட்க வேண்டும்.

தாள் திருத்துவதற்கு நானும் பக்கத்து மேசை ஆசிரியையும் ஒரு வழி வைத்திருக்கிறோம். கேள்விகளைப் பொதுவில் தயாரிக்கிறோம், பிள்ளைகளே ஒருவர் தாளை ஒருவர் வகுப்பிலேயே திருத்துகிறார்கள், நாங்கள் பத்துத் தாளை மட்டும் எடுத்து ஊன்றிப் படிக்கிறோம். எங்கே தடுமாறுகிறார்கள் என்று தெரிய அது போதும். மாதம் ஒருமுறை ஒருவர் வகுப்பில் ஒருவர் போய்ப் பின்னால் உட்காருகிறோம். என் குரல் ஜன்னல் பக்கத்துக்கு எட்டவில்லை என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. 2023 செப்டம்பரில் யு.ஜி.சி. ஆசிரியர்களுக்காகத் தொடங்கிய மாளவியா மிஷன் பயிற்சிகள் ஆன்லைனில் நடக்கின்றன, அதையும் பாருங்கள். ஆனால் பக்கத்து மேசைத் துணைதான் தினமும் கைகொடுக்கிறது.

—

தோவாளைக்காரி எழுதியது:

எல்லோருக்கும் மனதார நன்றி. எல்லாவற்றையும் அச்செடுத்து ஸ்டாஃப் ரூமுக்குக் கொண்டு போனேன். எங்கள் ஹெச்.ஓ.டி. அமைதியாகப் படித்தார். ஜூன், ஜூலையில் கடலும் காடும் ஓய்ந்திருக்கும் நேரத்தில் ஃபீஸ் கேட்கிறோம் என்ற இடத்தில் பேனாவால் கோடு போட்டார். தவணை முறை பற்றி முதல்வரிடம் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.

லேபில் ஆள் மாற்றும் முறையை இந்த வாரமே தொடங்கிவிட்டேன். முதல் நாள் நேரம் இழுத்தது, நாலரை மணி பஸ்ஸை விட்டார்கள், அதனால் எடை ஏற்றும் ரீடிங்கை ஒரு வகுப்பிலும் இறக்கும் ரீடிங்கை அடுத்த வகுப்பிலும் வைத்துக்கொண்டேன். அந்தப் பேச்சிப்பாறைப் பெண் ஸ்கேலில் நிறுத்திய குண்டூசி முனையை நுண்ணோக்கியின் குறுக்குக் கம்பியில் கொண்டு வந்து நிறுத்துவதற்குப் பலமுறை திருகினாள். ஸ்கேல் லேசாக ஆடினாலும் முனை நழுவிப் போகும், பார்த்தவர்களுக்குத் தெரியும். நின்றதும் அவளே வெர்னியரைப் படித்தாள், நான் சரிபார்த்தேன், சரியாக இருந்தது. அடுத்த ஆளுக்குத் திருகை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று அவள்தான் சொல்லிக்கொடுத்தாள்.

நீரோடிக் கரை தம்பி சொன்ன தாளையும் கொடுத்தேன். பாதிப் பேர் ஒன்றும் எழுதவில்லை, மீதிப் பேர் எழுதியதை இங்கே சொல்ல முடியாது. தங்கல், ரப்பர், அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) வேலை பார்க்கும் அம்மா, என்று வீடு வீடாகத் தெரிகிறது. விரல்நுனி சார் சொன்னபடி வாயால் சொல்லிக்கொண்டே எழுதப் பழகுகிறேன்.

ஒன்று மட்டும் தீரவில்லை. பால் வெட்டுக்குப் போகிற பையன். அவனைப் போக வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வேன்? அந்தக் காசு வீட்டுக்கு வேண்டும். ஆனால் முதல் மணி நேரம் என் தாள், வாரத்தில் மூன்று நாள். வருகைக் குறைவுக்கான கண்டோனேஷன் கட்டவும் அவனிடம் காசு இருக்காது.

—

பழைய வேதியியல் வாத்தியார் எழுதியது:

டைம்டேபிள் போடுகிறவரைப் பார், மகளே. முதல் மணி நேரத்தில் மொழிப்பாடமோ பொதுப் பாடமோ வந்தால் அங்கேயும் அவனுக்கு அட்டெண்டன்ஸ் போகும், அதனால் மூன்று நாளும் ஒரே பாடமாக இல்லாமல் பிரித்துப் போடச் சொல். எந்தப் பாடத்திலும் 75க்குக் கீழே இறங்காது. அவனைப் போல இன்னும் யார் யார் என்று கேட்டு ரோல் நம்பரோடு எழுதிக் கொடு, ஒருவனுக்காக என்றால் தள்ளிவிடுவார்கள். அதற்கு முன் அவனிடம் எந்தெந்த நாள் வெட்டு என்று கேட்டுக்கொள். பல தோட்டங்களில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டுவார்கள். அப்படியென்றால் வெட்டில்லாத நாள் எது என்று பார்த்து, உன் சின்னத் தேர்வை அந்த நாளில் வை.